அரிய கனிம மாதிரிகளும் பொய்யுருக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொய்யுரு என்றால் என்ன?

ஒரு படிகத்தின் வெளிவடிவம் அப்படியே நிற்க, உள்ளிருக்கும் பொருள் மட்டும் வேறொரு கனிமமாக மாறியிருந்தால் அது பொய்யுரு. சேகரிப்பாளர்கள் சூடோமார்ஃப் என்பார்கள். பேச்சில் வெறும் 'சூடோ'.

பலரும் முதலில் பார்ப்பது பழுப்புநிறக் கனசதுரம். அதன் முகங்களில் மெல்லிய வரிகள் ஓடும். ஒரு முகத்து வரிகள் அடுத்த முகத்து வரிகளுக்குச் செங்குத்தாக இருக்கும். இது பைரைட் என்னும் இரும்பு சல்ஃபைடு கனிமத்துக்கே உரிய அடையாளம். ஆனால் பித்தளை மினுக்கம் இல்லை. மெருகேற்றாத பீங்கான் வில்லையில் உரசினால், பைரைட் தரும் கரும்பச்சைத் தூளுக்குப் பதிலாக மஞ்சள் கலந்த பழுப்புத் தூள் விழுகிறது. வடிவம் பைரைட்டுடையது, பொருள் கோதைட் என்னும் துருநிற இரும்புக் கனிமம். இதைப் 'பைரைட் உருவில் கோதைட்' என்று எழுத வேண்டும். இப்போது இருப்பதும் முன்பு இருந்ததும் பெயரில் சேர்ந்து வர வேண்டும். ஒன்றை விட்டால் பாதிச் செய்தி போய்விடும். முன்பு இருந்தது எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் 'அறியப்படாத கனிமத்தின் உருவில்' என்று எழுதுவதே நேர்மை.

எல்லாப் பொய்யுருக்களும் ஒரே மாதிரி உருவானவையா?

இல்லை. நான்கு வழிகளைப் பிரித்து அறிந்துகொண்டால் மற்றக் கேள்விகளில் பாதி தானே தீரும்.

முதலாவது உருத்திரிபு. பழைய கனிமத்தின் தனிமங்களில் சில தங்கிவிடுகின்றன, சில வெளியேறுகின்றன, சில புதிதாக வருகின்றன. நீலநிற அசுரைட் உருவில் பச்சைநிற மாலகைட் இந்த வகை; இரண்டும் செம்புக் கார்பனேட்டுகள். நமீபியாவின் சுமெப் சுரங்கம் தந்த நீண்ட பச்சைப் படிகங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. அந்தச் சுரங்கம் 1996இல் மூடப்பட்டுவிட்டது. பிரான்சில் லியோனுக்கு அருகிலுள்ள ஷெசியில் கிடைத்த, குப்ரைட் எண்முகங்களின் உருவிலான மாலகைட்டும் இதே வகைதான்.

இரண்டாவது முழு இடமாற்றம். இங்கே பழைய கனிமத்தின் எதுவும் மிஞ்சுவதில்லை. கார்ன்வாலின் வீல் கோட்ஸ் சுரங்கத்தில் ஆர்த்தோகிளேஸ் ஃபெல்ஸ்பாரின் கார்ல்ஸ்பாட் இரட்டைப் படிகங்கள் (ஒன்றோடொன்று பிணைந்து வளர்ந்தவை) வெள்ளீயத் தாதுவான கேசிட்டரைட்டாக மாறிக் கிடைத்தன. பொலிவியாவின் கொரோகொரோவில் அரகோனைட்டின் அறுகோண இரட்டைகள் தனிச் செம்பாகவே மாறியிருக்கின்றன. கால்சியம் கார்பனேட் இருந்த இடத்தில் உலோகச் செம்பு! முதல்முறை கையில் எடுப்பவரை அதன் எடையே திகைக்க வைக்கும்.

மூன்றாவது வகையில் வேதியியல் மாறாது, அணுக்களின் அடுக்கு மட்டும் மாறும். இதற்குப் பாராமார்ஃப் என்று பெயர். வெள்ளி சல்ஃபைடு 173 பாகை செல்சியஸுக்கு மேல் கனசதுர அமைப்பில் படிகமாகும், குளிரும்போது அக்கன்தைட்டாகிவிடும். ஆகவே மாதிரிகளோடு வைக்கும் பழைய பெயர்ச்சீட்டுகளில் 'அர்ஜென்டைட்' என்று எழுதப்பட்ட கனசதுரங்கள் எல்லாமே அறை வெப்பத்தில் அக்கன்தைட்தான். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் மேக்னட் கோவ் என்னும் இடத்தில் கிடைக்கும் புரூக்கைட் உருவிலான ரூட்டைலும் இவ்வகை.

நான்காவது உறைவார்ப்பு. ஒரு படிகத்தின் மேல் இன்னொரு கனிமம் ஓடாகப் படிகிறது. பிறகு உள்ளே இருந்தது கரைந்துபோகிறது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் விர்ச்சுவஸ் லேடி சுரங்கத்தில் ஃப்ளூரைட் கனசதுரங்களைச் சிடரைட் போர்த்தி, ஃப்ளூரைட் போனபின் வெற்றுப் பெட்டிகளாக நின்றவை இதற்கு நல்ல உதாரணம். இது உண்மையான பொய்யுருதானா என்ற வாதம் உண்டு. சீட்டில் 'உறைவார்ப்பு' என்று தெளிவாக எழுதிவிட்டால் வாதத்துக்கு இடமில்லை.

உள்ளே எல்லாம் மாறும்போது வடிவம் மட்டும் எப்படிக் கெடாமல் இருக்கிறது?

பெரும்பாலும் மாற்றம் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தில் நடக்கிறது. பழைய கனிமம் கரையும் அதே இடத்தில், அதே வேகத்தில், புதியது படிகிறது. கரைவது முந்திக்கொண்டால் வெறும் பள்ளம்தான் மிஞ்சும். படிவது முந்தினால் வடிவம் பிதுங்கிச் சிதையும்.

இதில் கனஅளவுக் கணக்கைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் மாதிரியின் பலமும் பலவீனமும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. அசுரைட் மாலகைட்டாகும்போது செம்பு முழுவதும் உள்ளேயே தங்கினாலும் கனஅளவு சுமார் 10 சதவீதம் குறைகிறது. பைரைட் கோதைட்டாகும்போது, இரும்பு வெளியேறாவிட்டால், குறைவு ஏறத்தாழ 13 சதவீதம். அந்தக் குறைவு நுண்துளைகளாக உள்ளே நிற்கிறது. அதனால்தான் மாலகைட் பொய்யுருவின் முகம் கண்ணாடிபோல மின்னாமல் பட்டுபோல மிளிர்கிறது.

இக்கைட் என்ற கனிமம் இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு. இது கால்சியம் கார்பனேட்டோடு ஆறு நீர்மூலக்கூறுகள் சேர்ந்தது. கிரீன்லாந்தின் இக்கா ஃபியோர்டிலிருந்து 1963இல் விவரிக்கப்பட்டது. உறைநிலையை ஒட்டிய குளிர்நீரில்தான் நிலைக்கும். சூடேறினால் நீரை இழந்து கால்சைட்டாகும். அப்போது மிஞ்சுவது பழைய கனஅளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தப் பொய்யுருவுக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலுள்ள கிளெண்டன் என்ற ஊரை ஒட்டி கிளெண்டனைட் என்று பெயர். கிளெண்டனைட் ஏன் சர்க்கரைக்கட்டிபோலப் பொரபொரவென்று இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை. அது கிடைக்கும் படிவில் ஒருகாலத்தில் குளிர்ந்த நீர் இருந்தது என்பதையும் அந்த ஒரு துண்டு சொல்லிவிடுகிறது.

மாறாக, அன்ஹைட்ரைட் நீரை உறிஞ்சி ஜிப்சமாகும்போது 60 சதவீதம் அளவுக்குப் பருக்கும். கூர்மையான அன்ஹைட்ரைட் வடிவத்தில் ஜிப்சம் கிடைப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

முழுதாக மாறியதை வாங்குவதா, பாதி மாறியதையா?

பாதி மாறியதை. அலமாரியில் அழகு முழுதாக மாறியதற்குத்தான். ஆனால் ஒரு படிகத்தின் அடிப்பாகம் நீலமாகவும் முனை பச்சையாகவும் இருந்தால் அசுரைட்டிலிருந்து மாலகைட் வந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பிளவுகளின் வழியே பரவியதா விளிம்பிலிருந்து உள்ளே சென்றதா என்பதும் அந்த எல்லைக்கோட்டில் தெரியும்.

அதேபோல உடைந்த துண்டையும் ஒதுக்காதீர்கள். முழுப்படிகத்தோடு கூடவே, அதே பொந்திலிருந்து வந்த, குறுக்கே உடைந்த ஒன்றை வைத்திருங்கள். உட்கரு தெரியும் அந்த உடைசல்தான் பின்னாளில் ஆய்வுக்கு உதவும். முழுதை வெட்ட வேண்டிய நிலை வராது.

என் கையில் இருப்பது பொய்யுருவா என்று வீட்டிலேயே அறிய முடியுமா?

பெரும்பாலும் முடியும். 10 மடங்கு கைலென்ஸ், பீங்கான் வில்லை, ஊசி, 0.1 கிராம் வரை காட்டும் தராசு, கோணமானி போதும்.

வடிவத்தில் தொடங்குங்கள். முகங்களுக்கு இடையிலான கோணம் கனிமத்துக்குக் கனிமம் மாறாத ஒன்று. படிகம் பெரிதாக இருந்தாலும் கோணலாக வளர்ந்திருந்தாலும் அது மாறாது. கனசதுரத்தில் 90 பாகை. கால்சைட் சாய்சதுரத்தில் 105 பாகையும் 75 பாகையும். குவார்ட்ஸ் அறுகோணத் தூணில் 120. அரகோனைட்டின் இரட்டைகள் அறுகோணம்போலத் தோன்றினாலும் அளந்தால் எல்லாக் கோணமும் சரியாக 120 வராது, பக்கங்களில் உள்வாங்கிய பள்ளமும் இருக்கும்.

அடுத்தது பொருள். உரசல் நிறம், கடினம், பிளவு மூன்றையும் பாருங்கள். வடிவம் ஃப்ளூரைட் என்றால் கடினம் மோஸ் அளவுகோலில் (1 மிக மென்மை, 10 வைரம்) 4; ஊசி கீற வேண்டும். கீறவில்லை, மாறாக அந்தத் துண்டு கண்ணாடியைக் கீறுகிறது என்றால் உள்ளே குவார்ட்ஸ் இருக்க வாய்ப்பு அதிகம். லென்ஸில் உடைந்த பரப்பைப் பாருங்கள். உண்மையான ஒற்றைப் படிகம் ஒரே தளத்தில் பிளந்து மின்னும். பொய்யுரு சிறுமணிகளாகவோ நார்களாகவோ தெரியும்.

மிகவும் பயனுள்ள சோதனை ஒப்படர்த்தி, அதாவது அதே கனஅளவு நீரைவிட மாதிரி எத்தனை மடங்கு கனம் என்பது. மாதிரியைக் காற்றில் எடைபோடுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் தொங்கவிட்டு எடைபோடுங்கள். காற்றில் உள்ள எடையை இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். பழுப்புக் கனசதுரம் காற்றில் 84 கிராம், நீரில் 62 கிராம் என்றால் 84ஐ 22ஆல் வகுக்க 3.8 வரும். கோதைட்டின் உச்ச அளவு 4.3, நுண்துளைகளால் சற்றுக் குறையும், ஆக 3.8 பொருந்துகிறது. விடை 4.7 என்று வந்தால் தோல் மட்டும் கோதைட், உள்ளே ஒப்படர்த்தி 5 உள்ள பைரைட் இன்னும் கிடக்கிறது என்று பொருள். இது வெறும் தகவல் இல்லை. அந்த உட்கரு பின்னாளில் உங்களுக்குத் தொல்லை தரும். கீழே ஈரப்பதக் கேள்வியில் வருகிறது.

இந்தச் சோதனையில் வழக்கமாக நேரும் பிழைகள் இரண்டு. துளைகளில் காற்றுக்குமிழி சிக்கினால் விடை குறைந்து வரும். ஒரு துளி பாத்திர சோப்பு கலந்து, குமிழிகள் அடங்கும்வரை ஊறவிட்டு எடைபோடுங்கள். படிகம் வளர்ந்த தாய்ப்பாறை ஒட்டியிருந்தால் இந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. நீரில் கரையும் கனிமம், இழைபோன்ற படிகம் இரண்டையும் இதற்கு உட்படுத்தவே கூடாது.

அமிலத் துளியை முழு மாதிரியின் மேல் விடாதீர்கள். பின்பக்கத்திலிருந்து ஊசிமுனை அளவு பொடியைச் சுரண்டி, கண்ணாடி வில்லையில் வைத்து, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டு லென்ஸில் பார்த்தால் போதும். இவற்றுக்குப் பிறகும் சந்தேகம் நின்றால் ராமன் நிறமாலையோ எக்ஸ்-கதிர் விளிம்புச் சிதறலோதான் தீர்ப்பு சொல்லும். பிந்தியதற்குச் சிறிதளவு பொடி தேவை. ராமனுக்குப் பெரும்பாலும் மாதிரியைத் தொடவே தேவையில்லை.

பொய்யுரு போலத் தோன்றி ஏமாற்றுபவை எவை?

மேலே மெல்லிய இரும்புக்கறை படிந்த சாதாரணப் படிகம் முதலில் வரும். நகத்தால் சுரண்டினாலே அடியில் பழைய கனிமம் தெரியும். ஒரு படிகத்துக்குள் இன்னொன்று அடைபட்டிருப்பதும் பொய்யுரு ஆகாது.

புலிக்கண் கல்லைப் பல நூல்கள் இன்றும் 'குரோசிடோலைட் உருவில் குவார்ட்ஸ்' என்றே சொல்கின்றன (குரோசிடோலைட் என்பது ஒருவகை ஆஸ்பெஸ்டாஸ் இழை). 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அதை மறுத்தது. பாறை விரிசல் மீண்டும் மீண்டும் திறந்து மூடும்போது குவார்ட்ஸ் தூண்களும் குரோசிடோலைட் இழைகளும் சேர்ந்தே வளர்ந்தன என்பது அதன் விளக்கம். புலிக்கண்ணைச் சேர்ப்பதில் தவறில்லை; சீட்டில் பொய்யுரு என்று எழுதும்முன் யோசியுங்கள்.

எதிர்த்திசையும் உண்டு. ஈயத் தாதுவான கலீனா ஆக்சிஜனேற்ற மண்டலத்தில் சிதைந்து பைரோமார்ஃபைட் என்ற இன்னொரு ஈயக் கனிமமாவதுதான் வழக்கம். கார்ன்வாலின் வீல் ஹோப்பிலும் ஜெர்மனியின் சில இடங்களிலும் பைரோமார்ஃபைட்டின் அறுகோணத் தூண்கள் மறுபடி கலீனாவாகியிருக்கின்றன. சாம்பல்நிற அறுகோணக் கலீனாவைப் பார்த்து 'இது கலீனாவே இல்லை' என்று சொல்லி ஒதுக்கியவர்கள் உண்டு. கலீனா கனசதுர அமைப்பைச் சேர்ந்தது, அறுகோணமாக வளரவே முடியாது. அந்த முரண்பாடுதான் சான்று.

ஒரு மாதிரியை 'அரியது' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஏற்கப்பட்ட கனிம இனங்கள் 6,000க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை அரியவையே. மண்துகள் அளவில், ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் கிடைப்பவை. கியாத்துவைட் என்ற கனிமத்துக்கு உலகில் அறியப்பட்ட மாதிரி ஒன்றே ஒன்று. மியான்மரின் மோகோக் பகுதியில் கிடைத்த 1.61 காரட் கல், லாஸ் ஏஞ்சல்ஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் அரிது என்பது நிலையான குணம் இல்லை. 1957இல் விவரிக்கப்பட்ட பெயினைட், பல பத்தாண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தது. 2005 வாக்கில் மோகோக் பகுதியில் புதிய இடங்கள் தெரியவந்தபின் ஆயிரக்கணக்கில் துண்டுகள் வந்தன. எதிர்மாறாக, சாதாரணக் கனிமமே ஆனாலும் மூடப்பட்ட சுரங்கத்தைச் சேர்ந்தது என்றால் இனி வராது. இனம் அரிதா, இடம் அரிதா, இந்தத் தரத்தில் படிகம் அரிதா, இந்தக் கனிமம் இந்த உருவில் வருவது அரிதா என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள். விற்பவர் 'ரொம்ப அரிது' என்னும்போது நான்கில் எது என்று கேட்டாலே பாதி உண்மை வெளிப்படும்.

போலிகளையும் ஒட்டுவேலையையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

365 நானோமீட்டர் நீண்ட அலைநீளப் புற ஊதா விளக்கைக் கையில் வைத்திருங்கள். இருட்டில் படிகத்தின் அடியைச் சுற்றி நீலவெண்மை வளையம் ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் எபாக்சிப் பசை. எல்லாப் பசையும் ஒளிராது. எனவே லென்ஸில் படிகமும் தாய்ப்பாறையும் சேரும் இடத்தைப் பாருங்கள். இயற்கையில் படிகத்தின் அடி பாறைக்குள் வேர்விட்டிருக்கும். ஒட்டியதில் வழவழப்பான விளிம்போ, பசையில் ஒட்டிய பாறைப்பொடியோ தெரியும். ஸ்டில்பைட்டின் மேல் ஒட்டிய கேவன்சைட் கொத்துகள் சந்தையில் நன்கு அறியப்பட்ட ஏமாற்று.

பளிச்சென்ற நீலத்தில் பெரிய சால்கன்தைட் படிகங்கள், பெரும்பாலும் வளர்த்தெடுத்தவை. மயில்துத்தக் கரைசலில் சில வாரங்களில் வளர்ந்துவிடும். ஆரஞ்சு, சிவப்புநிறப் பெரிய சிங்கைட் படிகங்களில் பெரும்பாலானவை போலந்து நாட்டுத் துத்தநாக உலைகளில் உருவானவை. அவற்றுக்கெனச் சேகரிப்பாளர்கள் உண்டு; 'உலையில் உருவானது' என்ற சொல் சீட்டில் இருந்தால் குற்றமில்லை.

பொய்யுருவில் மட்டும் நடக்கும் தில்லுமுல்லு வேறு. மங்கிய கோதைட்டுக்கு மெழுகோ எண்ணெயோ பூசிக் கருமை ஏற்றுவார்கள். பஞ்சு முனையில் அசிட்டோன் நனைத்து அடிப்பக்கத்தில் தேய்த்தால் சாயமும் பூச்சும் பெரும்பாலும் பஞ்சில் வரும். ஒரே அளவில், ஒரே கீறலோடு இரண்டு படிகங்கள் கண்ணில் பட்டால் அச்சில் வார்த்தவை. செதுக்கிய கனசதுரத்தில் பைரைட் வரிகள் இருக்காது. இருந்தாலும் அடுத்தடுத்த முகங்களில் செங்குத்தாக அமையாது.

மாதிரியை எப்படிச் சுத்தம் செய்வது?

குறைந்தபட்சமாக. கழுவிப் போன சான்று திரும்பி வராது. பொந்தில் ஒட்டியிருந்த களிமண்கூட எந்த நீர் எப்போது வந்தது என்பதற்குத் தடயமாகலாம். முதலில் படம் எடுங்கள், சிறு துணுக்கை ஒரு குப்பியில் எடுத்துவையுங்கள்.

உலர் தூரிகை, பிறகு ஊதுபந்து, பிறகு வாலைவடிநீர்: இந்த வரிசையில் போங்கள். முன் படி போதுமானால் அடுத்ததற்குப் போக வேண்டாம். ஃப்ளூரைட்டும் கந்தகமும் திடீர் வெப்பமாற்றத்தில் விரிசல்விடும். நீர் அறை வெப்பத்திலேயே இருக்கட்டும். கந்தகப் படிகம் உள்ளங்கைச் சூட்டிலேயே கீறல்விடக்கூடியது. அடிப்பாறையைப் பிடித்துத் தூக்குங்கள். உலர்த்த அடுப்பு, வெயில், முடியுலர்த்தி எதுவும் வேண்டாம். நிழலில் காகிதத்தின் மேல் விடுங்கள். நுண்துளைப் பொய்யுரு வெளியே காய்ந்தபின்னும் உள்ளே நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். அதை உடனே மூடிய பெட்டியில் வைத்தால் பூஞ்சையும் உப்பும் பூக்கும்.

குவார்ட்ஸின் மேல் இருக்கும் இரும்புக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம் வழக்கம். 1 லிட்டர் வாலைவடிநீரில் 50 கிராம் கரைத்து, மூடிய பிளாஸ்டிக் பாத்திரத்தில், காற்றோட்டமான இடத்தில் ஊறவிட்டு நாள்தோறும் பாருங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இது நஞ்சு, சமையல் பாத்திரத்தில் தொடவே கூடாது, வீட்டுக்குள் சூடாக்கக் கூடாது. அமிலத்தில் எத்தனை நாள் ஊறியதோ அத்தனை நாளாவது நீரை மாற்றி மாற்றி ஊறவிடுங்கள், இல்லாவிட்டால் விரிசல்களில் மஞ்சள்நிற இரும்பு ஆக்சலேட் தங்கும். கழிவை ஊற்றும்முன் சோடா உப்புப் போட்டு நுரை அடங்கும்வரை சமன்செய்யுங்கள்.

இதே அமிலத்தை எங்கே தொடக் கூடாது என்பதுதான் முக்கியம். கால்சைட்டின் மேல் வெள்ளையாகக் கால்சியம் ஆக்சலேட் படியும், போகவே போகாது. கோதைட், லிமோனைட், ஹெமடைட் பொய்யுருக்களில் நீங்கள் 'கறை' என்று நினைப்பதுதான் மாதிரியே. நாளடைவில் அது கரைசலுக்குள் போய்விடும். இரும்புக்கறை நீக்கும் டைதயோனைட் கரைசல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாலகைட், அசுரைட்டுக்கு வினிகரும் ஆகாது, அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் ஆகாது. இரண்டும் செம்புக் கார்பனேட்டைக் கரைக்கும்.

மீயொலிக் குளியல் ஒற்றைப் படிகமான குவார்ட்ஸுக்குச் சரி. பொய்யுருவுக்கு வேண்டாம். உள்ளே விரிசலும் துளையும் நிறைந்த பொருள் அதிர்வில் நொறுங்கும். கிளெண்டனைட் அடியில் மணலாக இறங்கும்.

ஒளியில் எவை கெடும்?

ஆர்சனிக் கொண்ட சிவப்புக் கனிமமான ரியல்கரை முதலில் சொல்ல வேண்டும். ஒளியில் இது பாராரியல்கர் என்ற மஞ்சள் பொடியாகிறது. நெடுங்காலம் அந்தப் பொடியை ஆர்பிமென்ட் என்றே சொல்லிவந்தார்கள். புரூஸ்டைட், பைரார்கிரைட் போன்ற சிவப்பு வெள்ளித்தாதுக்கள் கருக்கும். விவியனைட் கருத்து, பிளவுபடும். குன்சைட்டும், அமெரிக்காவின் யூட்டாவில் கிடைக்கும் பழுப்புப் புஷ்பராகமும் வெயிலில் நிறம் வெளுக்கும். இவற்றை மூடிய இழுப்பறையில் வையுங்கள், பார்க்கும்போது மட்டும் எடுங்கள். கண்ணாடி அலமாரி ஜன்னலுக்கு எதிரே இருக்கவே கூடாது.

ஈரப்பதம், 'பைரைட் நோய்' பற்றி?

பைரைட்டும் குறிப்பாக மார்க்கசைட்டும் ஈரக்காற்றில் ஆக்சிஜனேறி இரும்பு சல்ஃபேட்டும் கந்தக அமிலமுமாக மாறும். முதலில் கந்தகநெடி வரும். பிறகு வெள்ளையோ மஞ்சளோ ஆன பொடி தெரியும். பிறகு விரிசல். கடைசியில் அட்டைப்பெட்டியும் சீட்டும் அரித்துப் பொடியாகும். ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் கூடும். 50க்குக் கீழே வைத்திருங்கள். 

பொய்யுரு சேகரிப்பவர் இதைத் தம் கவலையில்லை என்று நினைக்கலாம். மேலே சொன்ன ஒப்படர்த்தி 4.7 வந்த கனசதுரத்தை நினைத்துப் பாருங்கள். கோதைட் தோலுக்குள் மாறாமல் நிற்கும் பைரைட் உட்கரு, விரிசல் வழியே ஈரம் புகுந்தால் சல்ஃபேட்டாகிப் பருத்து, தோலை உள்ளிருந்தே பிளக்கும். அத்தகைய மாதிரிகளைத் தனியே, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டியில் வையுங்கள். நிறம் மாறும் மணிகள் இருந்தால் எப்போது உலர்த்திப் போட வேண்டும் என்று தெரியும். நோய் தொடங்கியதை உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். சீட்டை எடுத்து நகல் செய்யுங்கள். பொடியை உலர்தூரிகையால் அகற்றுங்கள். மேலே வார்னிஷ் பூசுவது பயன் தராது. ஈரமும் அமிலமும் உள்ளே அடைபட்டு வேலையைத் தொடரும்.

எல்லாவற்றையும் ஒரே வறட்சியில் வைக்கவும் முடியாது. ஹாலைட் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் தானே நீர்விட்டுக் கரையும். ஆனால் போராக்ஸ் வறண்ட காற்றில் நீரை இழந்து டிங்கல்கோனைட்டாக வெளுக்கும், லாமன்டைட் நொறுங்கும். அலமாரியிலேயே ஒரு பொய்யுரு உருவாகிறது என்று இதைச் சொல்லலாம். போராக்ஸ் உருவில் டிங்கல்கோனைட் உண்மையில் அப்படித்தான் பல சேகரிப்புகளில் வந்து சேர்ந்தது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மூடிய பெட்டி.

மர அலமாரி நல்லதா?

ஓக் மரம் கூடாது. அதிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி கால்சைட்டையும் ஈயக் கனிமங்களையும் அரிக்கும். பொடிப்பூச்சு இட்ட எஃகு இழுப்பறை நல்லது. தனிவெள்ளி இருக்கும் பெட்டியில் கம்பளித்துணியோ ரப்பரோ வைத்தால் கந்தக ஆவியால் கருக்கும்.

சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

எண், இப்போதைய கனிமம், முந்தைய உரு, தாய்ப்பாறை, சுரங்கம் அல்லது பாறைவெட்டு, அதன் மட்டம், மாவட்டம், நாடு, அளவு மில்லிமீட்டரில், எடுத்த அல்லது பெற்ற நாள், யாரிடமிருந்து வந்தது, எந்தச் சோதனையால் பெயர் உறுதியானது. கடைசியை எழுதுபவர்கள் மிகக் குறைவு. 'ஒப்படர்த்தி 3.8, உரசல் நிறம் மஞ்சள்பழுப்பு' என்ற ஒரு வரி இருந்தால் அடுத்தவர் மறுபடி தொடக்கத்திலிருந்து வேலை செய்ய வேண்டியதில்லை.

பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள், பெயர் தவறாக இருந்தாலும். புதியதை அதனோடு சேர்த்து வையுங்கள். சீட்டும் கல்லும் ஒருநாள் பிரியும் என்றே எண்ணி, கல்லிலும் எண்ணிடுங்கள். அடிப்பக்கத்தில் அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற நிறமற்ற பிசின் ஒரு பூச்சு. காய்ந்தபின் கருப்பு நிறமி மையில் எண். மேலே மீண்டும் ஒரு பூச்சு. பின்னாளில் அசிட்டோனால் நீக்கலாம். நுண்துளைப் பரப்பில் முதல் பூச்சை விட்டால் மை உள்ளே இறங்கி நிரந்தரமாகிவிடும்.

களத்தில் பொய்யுருக்களை எங்கே தேடலாம்?

சல்ஃபைடு தாதுக்களின் மேற்பகுதியில், துருப்பிடித்த பழுப்பு மண்டலத்தில். மழைநீர் இறங்கிய விரிசல்களைப் பின்தொடருங்கள். விரிசலை ஒட்டியது மாறியிருக்கும், ஒரு கை தள்ளி மாறாமல் இருக்கும். இரண்டையும் எடுங்கள். படிகத்துக்கு அருகே உளி வைக்காமல், சுற்றிலும் பாறையைத் தளர்த்தித் தாய்ப்பாறையோடு பெயர்த்தெடுங்கள். எடுக்கும்முன் அளவுகோலோடு படம். அங்கேயே சுற்றிக் கட்டி எண்ணிடுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதிய இடக்குறிப்புகளில் பிழை அதிகம். நிலத்துக்கு உரியவரின் அனுமதியும் அந்நாட்டுச் சட்டத்தின் அனுமதியும் கையில் எழுத்தாக இருக்க வேண்டும். கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் நுழையவே வேண்டாம். வெளியே கிடக்கும் கழிவுக் குவியலே போதுமானது.

மென்மையான மாதிரியை எப்படி அனுப்புவது?

ஊசிப்படிகங்களின் மேல் பஞ்சு படக் கூடாது. நூல் சிக்கி இழுத்து உடைக்கும். அடிப்பாறையைக் கனிமங்களுக்கான ஒட்டுமெழுகால் பெட்டியின் தரையில் பிடிக்க வைத்து, படிகங்கள் எதையும் தொடாதபடி விடுங்கள். அந்தப் பெட்டியை எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தையோடு இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. எண்ணெய் கசியும் களிமண் வகை ஒட்டிகள் நுண்துளைப் பாறையில் கறை ஏற்றும்.

உடல்நலத்துக்கு ஆபத்தானவை?

ஆர்சனிக் உள்ள ரியல்கர், ஆர்பிமென்ட், ஸ்கோரோடைட், பாதரசம் உள்ள சின்னபார், அதிலும் பாதரசத் துளி தெரிந்தால் மூடிய பெட்டியில் மட்டும், ஈயக் கனிமங்கள், குரோசிடோலைட், கிரைசோடைல் போன்ற ஆஸ்பெஸ்டாஸ் இழைகள். தொட்டபின் கை கழுவுங்கள், உலர்நிலையில் அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். டார்பர்னைட், ஆட்டுனைட், யுரேனினைட் போன்ற கதிரியக்கக் கனிமங்கள் ரேடான் வாயுவை விடும். படுக்கையறையில் வைக்கக் கூடாது, பெட்டியைக் காற்றோட்டத்தில் திறக்க வேண்டும், உதிர்ந்த துகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் எந்த மாதிரிகளோடு ஆரம்பிக்கலாம்?

பைரைட் உருவில் கோதைட்; உறுதியானது, சோதனைகள் எல்லாவற்றையும் அதில் பழகலாம். அடுத்து கிளெண்டனைட், கனஅளவுக் குறைவை விரலால் தடவியே உணர்வதற்கு. மேக்னடைட் உருவில் ஹெமடைட், மார்டைட் என்பார்கள். அர்ஜென்டினாவின் பாயூன் மாத்ரு எரிமலை தந்தவை நன்கு அறியப்பட்டவை. காந்தத்தை நூலில் கட்டிப் பக்கத்தில் கொண்டுபோனால் எவ்வளவு மேக்னடைட் மிச்சம் என்று காந்தமே காட்டும். ஜப்பானின் கியோட்டோ பகுதியிலுள்ள காமெயோகாவின் செர்ரிப்பூக் கற்கள் இன்னொரு அழகு: கார்டியரைட் இருந்த இடத்தில் அபிரகம், குறுக்குவெட்டில் ஆறிதழ்ப் பூ. இவற்றோடு, மாறாத மூலக் கனிமத்தின் படிகம் ஒன்றையும் ஒவ்வொன்றின் அருகில் வையுங்கள். பைரைட் கனசதுரத்தை ஒரு கையிலும் கோதைட் கனசதுரத்தை மறு கையிலும் தூக்கிப் பார்த்தால், எடையிலேயே வித்தியாசம் தெரியும்.